செந்தூலில் ஒரு சனி, ஞாயிறு தங்கலாமா?

உறையூரான் (திருச்சி)

வணக்கம். அடுத்த மாதம் மலேசியாவில், கிள்ளானில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி கட்டு, திங்கள் காலை திருச்சிக்கு விமானம். நடுவில் இருக்கும் சனியும் ஞாயிறும் எனக்கும் மனைவிக்கும். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் எல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. இந்த முறை கோலாலம்பூரில் ஊர்க்காரர்கள் குடியிருக்கிற பகுதி ஒன்றில் சும்மா இருக்க ஆசை. காலையில் கடைத்தெருவுக்குப் போவது, நாலு பேரோடு பேசுவது, நன்றாகச் சாப்பிடுவது, அவ்வளவுதான் திட்டம்.

கேட்டவர்கள் எல்லாரும் பிரிக்பீல்ட்ஸ் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் மட்டும் "செந்தூலுக்குப் போயேன்" என்றார். அவர் பிறந்து வளர்ந்தது அங்கேதான், அதனால் அவர் பேச்சை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. சித்தியோ "செந்தூலா? அங்கே என்ன இருக்கு?" என்கிறார். தங்கலாமா? எங்கே தங்குவது?

கோப்பி_ஓ (கெப்போங்)

சித்தி சொல்வதில் பாதி உண்மை. நானே வாரம் தவறாமல் செந்தூலில் சாப்பிடுகிறவன்தான். மதியம் இலைச் சாப்பாடு, ஒரு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீடு. அங்கே போய் இரண்டு நாள் தங்கினால் சனிக்கிழமை மூன்று மணிக்கே உங்கள் மனைவி "இனி என்ன?" என்று கேட்பார். பதில் வைத்திருக்கிறீர்களா?

தங்குவதென்றால் பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

தைப்பிங்_மருமகள் (செந்தூல்)

மூன்று மணிக்கு என்னவா? தூங்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

உறையூரான் அண்ணா, நான் தைப்பிங்கில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த புதிதில் எனக்கும் இந்த ஊர் பிடிபடவில்லை. அகலச் சாலை, லாரி, தலைக்கு மேலே ரயில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாடிக் குடியிருப்பு. பதினோரு மணி வெயிலில் வந்து இறங்கினால் உங்களுக்கும் இதுதான் தெரியும். இந்த ஊரை மணி பார்த்துப் பார்க்க வேண்டும். அதுதான் இங்கே ஒரே சூட்சுமம்.

காலை ஏழு, ஏழரைக்குச் சந்தைப் பக்கம் இருங்கள். வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மீன் விற்கிற சீனப் பெரியவர் "மா, கெம்போங் இன்னைக்கு நல்லா இருக்கு" என்று தமிழிலேயே கூப்பிடுவார். அவரிடம் பேரம் பேசுகிற பாட்டி மலாயில் பேசுவார். பூக்கடையில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு விலை, சனிக்கிழமைக்கு ஒரு விலை. அங்கிருந்து நேராகப் பசியாறப் போய்விடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் எந்த நேரமும் தோசை கிடைக்கும். இங்கே சின்னக் கடைகளில் பத்து மணிக்கே பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவார்கள், இடியப்பம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

பன்னிரண்டு மணிக்கே இலை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மணிக்குப் போனால் யார் எழுந்திருப்பார்கள் என்று நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். வாளியைத் தூக்கி வருகிறவர் "கோழியா, மீனா, பருப்பா?" என்பார். யோசித்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். மூன்றையும் கலந்து ஊற்றச் சொன்னாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். சோறும் காய்கறியும் மறுபடி கேட்டால் வரும். வறுவல், நண்டு, பொரித்த மீனுக்குத் தனிக் காசு, அதனால் தட்டைக் காட்டும்போதே விலை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கமே வேண்டாம், நாங்களும் கேட்கிறோம்.

பிறகு வெயில், இல்லாவிட்டால் மழை. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். அறைக்குப் போய்ப் படுங்கள். ஐந்து மணிக்கு மேல் ஊர் மறுபடி எழுந்திருக்கும். மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இடியப்பக்காரர் வருவார், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தாளில் மடித்துக் கொடுப்பார். பிள்ளைகள் பிளாட்டுக்குக் கீழே பந்து உதைக்கும். ஏழு மணிக்குக் கோயில். அதற்குப் பிறகு சாப்பாடு, பேச்சு, பேச்சு, பேச்சு.

உறையூரான்

சகோதரி, நீங்கள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "தூங்கலாம் என்றால் நான் தயார்" என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று கேட்க வேண்டும். இணையத்தில் தேடினால் செந்தூல் என்றாலே அடிதடி, குண்டர் கும்பல் என்றுதான் வருகிறது. ராத்திரி நடமாடலாமா?

இரவுப்பணி (செந்தூல்)

நான் வேலை முடிந்து வீட்டுக்கு நடப்பதே விடியற்காலை இரண்டு மணிக்கு. அந்தப் பெயர் பழைய பெயர். முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சண்டை அவர்களுக்குள், சாப்பிட வந்தவனிடம் யாருக்கும் வேலை இல்லை.

பயப்பட வேண்டியது மோட்டார் சைக்கிள் வழிப்பறிக்கு. அது தலைநகர் முழுக்க உண்டு. பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள், சுவர்ப் பக்கம் மாட்டுங்கள். நடந்துகொண்டே கைப்பேசி பார்க்காதீர்கள். அக்கா கழுத்துச் சங்கிலியைக் கல்யாணத்தோடு சித்தி வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். பதினோரு மணிக்கு மேல் என்றால் நடக்க வேண்டாம், கிராப் செயலியில் வண்டி கூப்பிடுங்கள்.

பட்டறைக்காரர்_மகன் (ரவாங்)

தம்பி, "அங்கே என்ன இருக்கு" என்று கேட்ட உங்கள் சித்திக்கு ஒரு பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

செந்தூல் ஊரானதே ரயிலால். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்போதைய கூட்டு மலாய் மாநில ரயில்வே தன் மையப் பட்டறையை இங்கே கட்டியது. என்ஜின் பழுதானாலும் பெட்டி பழுதானாலும் இங்கேதான் வர வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைய, செந்தூலில் பட்டறை. கணக்கு, எழுத்து வேலைகளிலும் நிலைய அதிபர் பதவிகளிலும் யாழ்ப்பாணத்தார் அதிகம் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்திலும் உலைக்களத்திலும் நின்றார்கள். சிங்களவர்களும் வந்தார்கள், அவர்கள் வழிபட வைத்த பௌத்த விகாரை செந்தூலில் இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் புனித சூசையப்பர் தேவாலயம். ஒரு மணி நேரம் நடந்தால் கோயில் மணி, தேவாலய மணி, விகாரை, பள்ளிவாசல் பாங்கு எல்லாம் காதில் விழும். சுற்றுலாத் துறை ஏற்பாடு செய்து வைத்ததில்லை இது. அந்தந்த வேலைக்கு வந்தவர்கள் தங்கள் சாமியையும் கூடக் கூட்டிவந்தார்கள்.

1945இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பட்டறையைக் குறிவைத்துத் தாக்கின. ஜப்பானியர் ஆட்சிக் காலம் அது. நாட்டின் ரயிலே அந்தப் பட்டறையை நம்பித்தானே ஓடியது, அதனால்தான். போருக்குப் பிறகு மறுபடி எழுப்பினார்கள். என் அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பின்னால். பட்டறைச் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் கடிகாரம் பார்க்க மாட்டோம். மாலைச் சங்கு ஊதியதும் வாசலிலிருந்து சைக்கிள்கள் வெளியே வரும். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே எண்ணெய் வாடை, யார் வீட்டு அப்பா யார் என்று தூரத்தில் தெரியாது. அம்மா மட்டும் மணியோசையை வைத்துச் சொல்லிவிடுவார்.

பட்டறை வேலையெல்லாம் பின்னால் பேராவின் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டது. பழைய செங்கல் கட்டடங்களை மறுசீரமைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மேற்குப் பக்கம், ஜாலான் ஸ்ட்ராச்சானில், ரயில்வேயின் பழைய கிடங்கு ஒன்று 2005 முதல் கோலாலம்பூர் அரங்கக் கலை மையமாக இருக்கிறது. கேஎல்பேக் என்பார்கள். நாடகம், நடனம், இசை என்று ஏதாவது நடக்கும். செங்கல் சுவரை இடிக்காமல் கண்ணாடியோடு சேர்த்துக் கட்டியிருப்பது நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மனம் வரவில்லை. சுற்றிலும் எழும்பிய சொகுசு அடுக்குமாடிகளைப் பற்றிக் கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

கோப்பி_ஓ

ஐயா எழுதினால் நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம். இருந்தாலும் ஒன்று. இதையெல்லாம் தெரிந்தவர் கூட வந்தால்தான் செங்கல் சுவர் பேசும். தெரியாதவருக்கு அது கிடங்குதான்.

பட்டறைக்காரர்_மகன்

அதனால்தானே தம்பி இங்கே எழுதுகிறேன்.

உறையூரான்

ஐயா, மிக்க நன்றி. அச்செடுத்துக் கையில் கொண்டுவருகிறேன். திருச்சியில் பொன்மலை ரயில் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சங்கு என்றதும் எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

இப்போது வழி. கிள்ளானிலிருந்து ரயிலில் வரலாமா? வரைபடத்தில் செந்தூல் என்று இரண்டு மூன்று நிலையங்கள் காட்டுகிறது, குழப்பமாக இருக்கிறது.

பெட்டி_நாலு (செத்தியா வங்சா)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

செந்தூல் என்ற பெயரில் நிலையங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. கேடிஎம் கொமூட்டர் என்ற புறநகர் ரயிலின் செந்தூல் ஒன்று. எல்ஆர்டி செந்தூல் இன்னொன்று. எல்ஆர்டி அதற்கு அடுத்து செந்தூல் தீமோர் போய் முடிகிறது, தீமோர் என்றால் கிழக்கு. எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் செந்தூல் பாராட், அது மேற்கு, 2023இல் திறந்தார்கள், ஈப்போ சாலைப் பக்கம். அந்தச் சாலையின் பெரும்பகுதிக்கு 2014இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பலகையில் ஒரு பெயர் இருக்கும், வாய் வேறு பெயர் சொல்லும். கிராப்பில் இடம் போடும்போது எந்தச் செந்தூல் என்று பார்த்துப் போடுங்கள்.

கிள்ளானிலிருந்து கொமூட்டரில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பத்துமலை போகிற ரயிலுக்கு மாற வேண்டும். கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா, அடுத்தது செந்தூல். மலிவு. ஆனால் கொமூட்டர் அடிக்கடி வராது, வார இறுதியில் இன்னும் மெதுவாகத்தான் வரும், நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் ரோஜா நிற ஒட்டு ஒட்டிய பெட்டி வந்தால் அது பெண்களுக்கு மட்டும். நீங்கள் ஏறினால் யாரும் திட்ட மாட்டார்கள், எல்லாரும் பார்ப்பார்கள், அது போதும். மனைவியை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் வேறு பெட்டியில் ஏறுவதாக இருந்தால் எங்கே இறங்குவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எல்ஆர்டி அப்படியில்லை, வந்துகொண்டே இருக்கும். கேஎல் சென்ட்ரலில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் மாறினால் நேரே எல்ஆர்டி செந்தூல். ஒரு நிலையம் முன்னால் தித்திவங்சா. அங்கே இறங்கி ஏரிப் பூங்காவுக்கு நடக்கலாம், மாலை வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரம் தெரியும். படம் எடுக்க வேண்டும் என்றால் டிக்கெட் வாங்கி மேலே ஏறுவதைவிட இது மேல் என்பது என் கட்சி.

டச் என் கோ அட்டை ஒன்று ஆளுக்கு வாங்கிவிடுங்கள், இந்த எல்லா ரயிலுக்கும் ஆகும். ரேபிட் பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள், அட்டைதான்.

பாகான்காரி (பட்டர்வொர்த்)

எல்லாரும் தலைநகரையே பேசுகிறீர்கள். அண்ணா, கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த். பினாங்குத் தீவுக்கு வருகிற கூட்டம் அங்கே இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஃபெர்ரிக்கு ஓடும். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, 2012இல் ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓவியம் வந்தது, அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். இந்தக் கரையில் பாகான் டாலாமில் நம் முகங்கள் நிறைய. துறைமுகமும் ரயிலும் சேர்ந்து வளர்த்த ஊர். மாலையில் மாரியம்மன் கோயில், பிறகு சாப்பாடு, பிறகு ஃபெர்ரியில் சும்மா ஒரு நடை போய்த் திரும்பலாம். பழைய பெரிய ஃபெர்ரிகளை 2020 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 2023இல் வந்த புது ஃபெர்ரிகளில் குளிர்சாதனம் இருக்கிறது, காற்றுதான் முன்போல் இல்லை.

தீவிலேயே இருக்க வேண்டும் என்றால் ஆயர் ஈத்தாம் போகும் வழியில் டோபி காட். சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் ஆற்றோரம் குடியேறிய இடம். ராமர் கோயில் இருக்கிறது. பயணப் பேருந்து நிற்காது.

கோப்பி_ஓ

இரண்டே நாளில் போக நாலு மணி, வர நாலு மணி. அதுவும் வார இறுதியில் இடிஎஸ் டிக்கெட். நல்ல யோசனை, அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர்

பினாங்குப் பேச்சுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். பாகான்காரி, அங்கே தொடருங்கள், நிறையப் பேர் கேட்பார்கள்.

வாடகைக்_கணக்கு (ஈப்போ சாலை)

தங்குமிடம் பற்றி யாரும் பேசவில்லையே. செந்தூலில் பெரிய ஹோட்டல் தேடாதீர்கள். சின்ன ஹோட்டல்கள் ஈப்போ சாலையிலும் சௌ கிட் பக்கமும் இருக்கின்றன. மற்றபடி அடுக்குமாடியில் நாள் வாடகைக்கு விடுகிற வீடுகள்.

அதில் ஒரு சங்கதி. அடுக்குமாடி நிர்வாகம் குறுகிய கால வாடகைக்குத் தடை போடலாம் என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அதனால் சில கட்டடங்களில் அனுமதி உண்டு, சிலவற்றில் கிடையாது. செயலியில் படம் அழகாக இருக்கும், வீட்டுக்காரர் "காவலாளி கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்" என்று செய்தி அனுப்புவார். அந்த வரி வந்தால் அந்த வீடு வேண்டாம். என் மச்சான் குடும்பம் நள்ளிரவில் பெட்டிகளோடு ஒரு கட்டடத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. நான் போய்க் கூட்டிவந்தேன்.

பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி. நிர்வாகத்தில் என் பெயரைப் பதிவு செய்வீர்களா? நுழைவு அட்டை கையில் தருவீர்களா? நேராகப் பதில் வந்தால் எடுங்கள். பிறகு, வெளிநாட்டவர்களுக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்), இது தனி. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள்.

ஐந்தாம்_மாடி (செந்தூல்)

இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் கோபப்பட வேண்டாம்.

நான் அந்தப் பிளாட்டுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். "ஊர்க்காரர்களைப் போல வாழ்ந்து பார்ப்பது" இப்போது ஒரு மோகமாகிவிட்டது. கழுத்தில் கேமரா மாட்டிய நாலு பேர் எங்கள் தாழ்வாரத்துக்கே ஏறி வந்து, கம்பியில் காயப் போட்ட துணியைப் படம் எடுத்தார்கள். என் மாமியார் நைட்டியோடு கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவரையும் எடுத்தார்கள். கேட்டதற்கு "ரொம்ப இயல்பாக இருக்கிறது" என்றார்கள். இயல்பாக இருப்பது எங்கள் வீடு என்பதால்தான். மின்தூக்கி கெட்டுப் போய் நாங்கள் பால் டின்னும் அரிசியும் சுமந்து ஏறுகிற படிக்கட்டு அது.

வாருங்கள், சாப்பிடுங்கள், கோயிலில் கும்பிடுங்கள். பார்க்க வராதீர்கள்.

தைப்பிங்_மருமகள்

அக்கா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் எழுதியதில் பிளாட்டுக்குக் கீழே பிள்ளைகள் பந்து உதைக்கும் என்று ஒரு வரி இருக்கிறது. அதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், உள்ளே போக வேண்டியதில்லை. ஆனால் வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சந்தையில் கடை போட்டிருக்கிறவர்களுக்கு வியாபாரம் முன்போல் இல்லை. எங்கள் பிள்ளைகளே பேரங்காடியில்தான் மீன் வாங்குகிறார்கள். வெளியூர்க்காரர் இரண்டு பேர் வந்து பசியாறிவிட்டுப் போனால் கடைக்காரருக்கு நல்லதுதானே.

ஐந்தாம்_மாடி

கடைக்காரருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் அப்படித்தான் தொடங்கியது. 2010இல் லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்து, வளைவும் நீரூற்றும் கட்டினார்கள். கடை வாடகை எங்கே போயிற்று என்று அங்கே பழைய கடை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். செந்தூலுக்கு வளைவு வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறவள் நான்.

இரவுப்பணி

வளைவு வந்தாலும் வராவிட்டாலும் வாடகை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஏற்றுவது இரண்டு நாள் தங்குகிற திருச்சிக்காரர் இல்லை அக்கா, எதிரில் நாற்பது மாடி கட்டுகிறவர்.

பட்டறைக்காரர்_மகன்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறையூரான் தம்பி, படம் எடுப்பதாக இருந்தால் கேட்டு எடுங்கள். அதைவிட, எடுக்காமல் பேசுங்கள். எங்கள் ஆட்களிடம் "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். முசிறி, துறையூர், நாமக்கல், பாட்டி சொன்ன ஏதோ ஒரு கிராமம் என்று பெயர் வரும். அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று திருப்பி உங்களைக் கேட்பார்கள். ஒரு மணி நேரம் போய்விடும்.

உறையூரான்

ஐந்தாம்_மாடி சகோதரிக்கு: படிக்கட்டு ஏற மாட்டோம், உறுதி. எல்லாருக்கும் நன்றி. ஈப்போ சாலையில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை போட்டாயிற்று. வந்துவிட்டுப் போய் எழுதுகிறேன்.

உறையூரான்

வணக்கம், ஊர் திரும்பிவிட்டோம். எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா.

சனிக்கிழமை ஏழேகாலுக்குச் சந்தையில் இருந்தோம். மனைவி வெற்றிலைக் கடையில் நின்றுவிட்டார், நான் மீன் பக்கம் போனேன். கெம்போங் விற்கிறவர் என்னைப் பார்த்ததும் "இந்தியாவா?" என்றார். செருப்பைப் பார்த்தே சொன்னாராம். பசியாறிய கடையில் இடியப்பம் கிடைத்தது, சம்பலோடு. எங்கள் பக்கம் இப்படிக் காரமாகச் சாப்பிடுவதில்லை, மனைவி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கணக்குப் பார்த்தவர் மேசைக்கு வந்து, தட்டுகளைப் பார்த்து, வாயாலேயே கூட்டிச் சொன்னார். சீட்டும் இல்லை, இயந்திரமும் இல்லை.

இலைச் சாப்பாட்டைப் பற்றிக் கூடுதலாக எழுதினால் பொறாமைப்படுவீர்கள். மூன்று குழம்பையும் கலந்து வாங்கினேன்.

கோப்பி_ஓ அவர்களே, மூன்று மணிக்கு என் மனைவி "இனி என்ன?" என்று கேட்கவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை கொட்டியது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, நின்றதும் கீழே இறங்கி முடி வெட்டப் போனேன். உள்ளே மின்னல் எஃப்எம், நாற்காலியில் மக்கள் ஓசை நாளிதழ். ஊர்க்காரரோடு பேசலாம் என்று வாயைத் திறந்தால் முடி வெட்டுகிறவர் புதுக்கோட்டைக்காரர், வேலைக்கு வந்தவர். திருச்சி விமான நிலையத்தில் புது முனையம் எப்படி இருக்கிறது, சுங்கத்தில் ரொம்பக் கெடுபிடியா, கீரனூர் சாலை போட்டாகிவிட்டதா என்று அவர்தான் என்னைக் கேட்டார். காத்திருந்த பெரியவர் ஒருவர் இடையில் புகுந்து, தன் தாத்தா குளித்தலையிலிருந்து கப்பலேறியவர் என்றார். குளித்தலை காவிரிக்கு எந்தக் கரை என்று கேட்டார். தென்கரை என்றேன். "அப்பா வடகரை என்றுதான் சொல்லுவார்" என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. முடிவெட்டு முடிந்த பிறகும் அந்த வழக்கு முடியவில்லை.

சாயங்காலம் ஐயா சொன்ன கிடங்கைப் போய்ப் பார்த்தோம். பொன்மலைச் செங்கல்லும் இந்தச் செங்கல்லும் ஒரே நிறம். உள்ளே அன்று ஏதோ நாடகம், டிக்கெட் தீர்ந்துவிட்டது. வெளியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோயில், மறுபடி அதே கடை, மறுபடி தூக்கம், மாலையில் தித்திவங்சா ஏரி. அதே கடைக்கு இரண்டாம் நாள் போனதில் ஒரு லாபம், கேட்காமலே சம்பல் வந்தது.

குறையும் சொல்ல வேண்டும். நடைபாதை பல இடத்தில் திடீரென்று நின்றுவிடுகிறது, அந்த அகலச் சாலையைக் கடப்பதற்குள் உயிர் போய் வருகிறது. பெரியவர்களைக் கூட்டி வருகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். கடைகள் ஞாயிறு மாலை சீக்கிரமே மூடிவிட்டன.

கோப்பி_ஓ

குறட்டை என்பதைப் பதிலாக ஏற்றுக்கொள்கிறேன். குளித்தலை தென்கரைதான், பெரியவரிடம் வரைபடத்தைக் காட்டியிருக்கலாம்.

உறையூரான்

காட்டினேன். "இந்தப் படம் தப்பு" என்றார்.

சுங்கை_பட்டாணி_சுதா

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். அடுத்த வாரம் அம்மாவைக் கேஎல்லில் மருத்துவரிடம் காட்டக் கூட்டி வருகிறேன், சனிக்கிழமை முழுவதும் ஓய்வு. அம்மா சின்ன வயதில் செந்தூலில் இருந்தவர், சந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறார். சக்கர நாற்காலியில் இருக்கிறார். முடியுமா?

தைப்பிங்_மருமகள்

முடியும், ரயில் மட்டும் வேண்டாம். கிராப்பில் பெரிய வண்டியாகக் கூப்பிட்டு, சந்தை வாசலிலேயே இறக்கச் சொல்லுங்கள். மீன் பக்கம் தரை எப்போதும் ஈரம், சக்கரம் வழுக்கும், பூவும் காய்கறியும் விற்கிற பக்கமாகப் போங்கள். எட்டரைக்கு மேல் கூட்டம் குறையும், அம்மாவுக்கு அதுதான் வசதி. ஆனால் ஒன்பதரைக்குள் பசியாறிவிட வேண்டும். கடை வாசலில் மூன்று படி இருக்கும். உள்ளே இருக்கிற பையன்களைக் கூப்பிடுங்கள், நாற்காலியோடு தூக்கி வைத்துவிடுவார்கள். நான் சனிக்கிழமை அங்கேதான் இருப்பேன், தனிச் செய்தியில் நேரம் சொல்லுங்கள்.